ஏழு விடியற்காலைத் தேதிகள்

இந்த நாற்காலியில் அமருங்கள் அம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். கணினிக் கடவுச்சொல்லை இந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துத் தட்டிக்கொள்ளுங்கள். நெய்வேலியிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தலைவர் தொலைபேசியில் உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. ‘நாட்காட்டி தப்பாகக் காட்டுகிறது, வந்து பாருங்கள்’ என்பதோடு முடித்திருப்பார். அவர் அப்படித்தான். நான் இம்மன்றத்தின் செயலாளர், இருபத்திரண்டு ஆண்டுகளாக. கோளாறு எந்த நாளில், எவ்வாறு தொடங்கியது என்று முறையாகச் சொல்லக்கூடியவன் அடியேன் ஒருவன்தான். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், காதில் விழுந்தால் போதும்.

நாங்கள் பதிகம் ஓதுகிறவர்கள். இந்த விருத்தாசலத்தில் பழமலைநாதர் சந்நிதியில் நின்று ஓதும் பேறு பெற்ற நாற்பது குடும்பங்கள். மாலை நிகழ்ச்சிகள் உண்டு, ஆறு மணிக்கு. ஆனால் மன்றத்தின் உயிர் விடியற்காலை நிகழ்ச்சியில் இருக்கிறது. எங்களில் ஒருவர் சிவபதம் அடைந்தால், ஆண்டுதோறும் அவர் மறைந்த மாதத்து நட்சத்திரத்தன்று விடியற்காலை நாலரை மணிக்கு இங்கே கூடி ஓதுவோம். முதல் பாட்டை அந்த வீட்டார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் வாய் திறந்த பிறகுதான் மற்றவர் சேர்ந்துகொள்வது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அதுதான் முறை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நட்சத்திரம் ஆங்கிலத் தேதிபோல நள்ளிரவில் மாறுவதன்று. இன்று நண்பகலில் தொடங்கி நாளை நண்பகல் வரை இருக்கும். சில மாதங்களில் இரண்டு விடியற்காலைகளையும் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்போது எந்த விடியலைக் கொள்வது என்பதைச் செயலாளர் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார். நான் குறித்தால் குறித்ததுதான். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஆமாம், அந்தப் பக்கம்தான். நாட்காட்டிப் பிளகின், அதாவது தளத்தோடு சேர்த்து வைக்கும் துணை நிரல், என்று உமையாள் சொல்லுவாள். மன்றத்தின் இந்த இணையதளத்தை அமைத்தவள் அவள். எங்கள் ஏகாம்பரத்தின் மகள், சேலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாள். ஊதியம் வாங்காமல் செய்தாள். என்னை மாமா என்பாள்.

ஏகாம்பரம் யார் என்றால், எங்களுக்கெல்லாம் குரல் அவர்தான். மனைவி தையல்நாயகி மறைந்த பிறகு மகளோடு சேலத்துக்குப் போய்விட்டார். நானும் அவரும் முப்பது ஆண்டு அருகருகே அமர்ந்து ஓதியவர்கள். நான் ஓர் அடியைத் தொடங்கினால் அவர் மூச்சு எங்கே விடுவார் என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. கூட்டத்தில் என்ன பேசுவது, தனியே என்ன பேசுவது என்ற வேறுபாடு தெரியாது. போன ஆண்டு தை மாதம் ஒரு நினைவு நாளுக்கு வந்திருந்தார். நான்தான் தொலைபேசியில் அழைத்திருந்தேன். ஓதிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி நிறுத்தினார். “சிற்றம்பலம், மூணாவது அடிய விட்டுட்டுப் போறே. அவசரமா, பசியா?” என்றார். நாற்பது பேர். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை அம்மா. அடியார் சொல்வது ஆண்டவன் சொல்வது. தை பதினோராம் நாள், காலை ஐந்து மணி பத்து நிமிடம் இருக்கும். அதை அப்போதே மறந்துவிட்டேன்.

கோளாறுக்கு வருகிறேன்.

மாசி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. இதே கணினியில் நாட்காட்டியைத் திறந்தேன். என் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மாலை நிகழ்ச்சிகள் ஐந்தும் சரியான கட்டத்தில் இருந்தன. விடியற்காலை நிகழ்ச்சிகள் ஏழும் ஒருநாள் முன்னதாகக் கிடந்தன. வியாழன் இருக்க வேண்டியது புதனில். சனி இருக்க வேண்டியது வெள்ளியில். ஏழும் அப்படியே.

நான் பதறவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். ஒன்றை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், மறுபடியும் ஒருநாள் முன்னே போய் நின்றது. எதிரே ஜெராக்ஸ் கடைக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர், “ஐயா, உங்க மெஷினுக்கு விடியக்காலம் எந்திரிக்கப் பிடிக்கல போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் நானே ஒரு வழி கண்டேன். ஒருநாள் முன்னே போகிறது என்றால், நாம் ஒருநாள் பின்னே தள்ளிக் கொடுத்தால் நடுவில் வந்து நிற்கும் அல்லவா? வியாழனை வெள்ளி என்று கொடுத்தேன். வியாழனில் வந்து அமர்ந்தது. ஏழையும் அவ்வாறே மாற்றினேன். அரை மணி நேரம். கண் எரிந்தது. ஆனாலும் அன்று மனநிறைவோடு திருநீறு பூசிக்கொண்டு படுத்தேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு யந்திரத்தைத் திருத்தியது சிறிய காரியமா?

இல்லை, உமையாளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கோளாறுதான் தீர்ந்துவிட்டதே. அவள் வைத்த பிளகினில் குற்றம் என்று சொல்லி அந்தப் பெண்ணின் மனத்தை ஏன் நோகடிப்பது என்றும் நினைத்தேன்.

புதன்கிழமை அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இதோ, அச்செடுத்தே வைத்திருக்கிறேன். ‘மாமா, தை மாத நிகழ்ச்சி ஒருநாள் முன்னாடி காட்டுதுன்னு அப்பா சொன்னார். தளத்தோட நேர அமைப்பு தப்பா இருந்தது. நேத்து சரிபண்ணிட்டேன். இனி எல்லாம் சரியா வரும், தேதியை யாரும் கையால மாத்த வேணாம்.’ படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நான் சரிசெய்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை இவள் சரிசெய்தேன் என்கிறாள். போகட்டும், குழந்தை, பெயர் அவளுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதில் எழுதவில்லை. நாட்காட்டியையும் மறுபடி திறக்கவில்லை. திருத்திய ஒன்றை எத்தனை முறை பார்ப்பது?

அந்த மாசியில் முதலாவதாக வந்தது தையல்நாயகியின் நாள். அனுஷம். வியாழன் விடியலையும் தொட்டது, வெள்ளி விடியலையும் தொட்டது. நான் வியாழன் என்று குறித்தேன். வாசல் கரும்பலகையில் எழுதினேன். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கரும்பலகையைப் பார்க்கிறவர்கள்தாம். நாட்காட்டி வெளியூரில் இருப்பவர்களுக்காக.

தொலைபேசியா? முன்பெல்லாம் முதல் நாள் ஏகாம்பரத்தை நான் அழைப்பது வழக்கம்தான். அந்த ஆண்டு அழைக்கவில்லை. தளத்தில் இருக்கும் செய்தியைத் தனித்தனியே அறிவிக்க வேண்டியதில்லை என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருந்தோம். எப்போதா? தை இருபது, இருபத்தொன்று இருக்கும். ஆமாம், அந்த நினைவு நாளுக்குப் பிறகுதான். நான்தான் கொண்டுவந்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை.

வியாழன் விடியற்காலை எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். தன் மனைவியின் நாளை மறந்து தூங்குகிற மனிதரா என்று யாரோ கேட்டார்கள். ‘அவருக்குச் சேலத்தில் பெரிய பெரிய சபைகள் இருக்கும்’ என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். முதல் பாட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது அடியை விடவில்லை.

அதற்குப் பிறகும் அழைக்கவில்லை. வராதவர்தானே ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும்? பங்குனி முழுவதும் காத்திருந்தேன். சித்திரையில் ஒருநாள், ஏகாம்பரம் தவறிவிட்டார் என்று மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது. எனக்கு நேரே சொல்லவில்லை. தலைவருக்குச் சொல்லி, தலைவர் எனக்குச் சொன்னார்.

ஐந்தாம் நாள் சேலத்துக்குப் போனேன். அவர் படத்துக்கு முன் நின்று ஒரு பதிகம் முழுதாக ஓதினேன். என் குரல் எங்கும் தடுமாறவில்லை. உமையாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, “மாசியில அம்மா நாளுக்கு நீங்க ரெண்டு பேரும் வருவீங்கன்னு பார்த்தேம்மா” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வந்தோமே மாமா” என்றாள்.

சேலத்திலிருந்து ஒரு மணிக்கே கார் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவருக்கு மூச்சிரைப்பு வந்திருந்த சமயம். பட்டு வேட்டி, உருத்திராட்சம், தையல்நாயகியின் படம் மடியில். நாலேகாலுக்கு இந்த வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை. நாட்காட்டி அவர்களுக்கு வெள்ளி என்று காட்டியிருக்கிறது. அனுஷம் வெள்ளி விடியலிலும் இருந்ததே, எனவே அவருக்கு ஐயம் வரவில்லை. சிற்றம்பலம் வெள்ளியைக் கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. கரும்பலகையை நான் வியாழனன்றே துடைத்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்தவுடன் துடைத்துவிடுவது என் வழக்கம்.

“மாமாவ கூப்பிடட்டுமாப்பா, ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு?” என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றாராம். அவர் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள். “வேணாம்மா. அவன் முறை தப்பாதவன். நாள மாத்தியிருந்தா எனக்கு ஒரு போன் பண்ணியிருப்பான். பண்ணலேன்னா நான் வர வேணாம்னு நெனச்சிருக்கான். தை மாசம் நான் பேசினது தப்பு.”

பிறகு அந்தப் படியில் அமர்ந்து, பூட்டிய கதவைப் பார்த்து முதல் பாட்டை எடுத்தாராம். இரண்டாம் அடியில் மூச்சு முட்டி நிறுத்திவிட்டார். மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஓதவே இல்லை என்றாள். இரண்டு மாதம். ஓதாமலே போய்விட்டார்.

இருங்கள், மோர் வந்துவிட்டது. குடியுங்கள். உப்புப் போதுமா?

நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். வியாழன்தான் நான் குறித்த நாள் என்றேன். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது நாட்காட்டி வியாழன் என்றுதான் காட்டியது என்றேன். அது உண்மைதானே? அவள் முகம் மாறிப்போயிற்று. “நான் செவ்வாய்க்கிழமைதான் நேர அமைப்ப மாத்தினேன் மாமா” என்றாள். நான், “நீ கை வச்சதுக்கு அப்புறம்தாம்மா கெட்டிருக்கு” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னேன். “மனசுல வச்சுக்காதே, நான் மன்னிச்சுட்டேன், அப்பாவும் மன்னிச்சிருப்பார்” என்றும் சொன்னேன். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். அவள் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அதன்பின் தளத்தைத் தொடமாட்டேன் என்று எழுதிவிட்டாள். நாட்காட்டி ஓராண்டாக அப்படியே கிடக்கிறது. நாளை மறுநாள் ஏகாம்பரத்தின் முதல் நினைவு நாள். முதல் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தலைவர் அழைத்தாராம். “அப்பாவைப் பூட்டின கதவுக்கு முன்னாடி உக்கார வச்சவ நான். எந்த வாயால எடுத்துக் கொடுப்பேன், மாமாவே எடுத்துக் கொடுக்கட்டும்” என்றாளாம். நான் வற்புறுத்தவில்லை. அவரவர் வினை அவரவர்க்கு.

என்ன அது? திருத்த வரலாறா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஆமாம், இது நான்தான். ‘செயலாளர்’ என்பது என் கணக்கு. ஞாயிறு, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்திலிருந்து ஆறு நாற்பது வரை. ஏழு வரிகள். நான்தான் சொன்னேனே, ஏழையும் திருத்தினேன் என்று. யந்திரமே சாட்சி சொல்கிறது பாருங்கள். அதன் கீழே செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வரி, அது உமையாள்.

அவள் செய்தது சரியா? எப்படிச் சரியாகும்? பிறகுதானே கெட்டது?

தாளில் போட்டுக் காட்டுங்கள். எனக்குப் பேச்சில் பிடிபடவில்லை.

சரி. தளத்தின் கடிகாரம் வெளிநாட்டு நேரத்தில் இருந்தது. நம்மைவிட ஐந்தரை மணி குறைவு. வியாழன் நாலரையிலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் புதன் இரவு பதினொன்று. எனவே புதன் கட்டத்தில் விழுந்தது. மாலை ஆறிலிருந்து கழித்தாலும் அதே நாள்தான், எனவே மாலை நிகழ்ச்சிகளுக்குக் குற்றமில்லை. இது புரிகிறது. உமையாள் கடிகாரத்தை நம் நேரத்துக்குக் கொண்டுவந்தாள். அப்படியானால் உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வெளியே தெரியும். உள்ளே வியாழன் என்று இருந்தால் வியாழன் தெரியும்.

உள்ளே என்ன இருந்தது?

வெள்ளி. நான்தான் கொடுத்தேன்.

இன்னொரு முறை சொல்லுங்கள் அம்மா, மெல்ல. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால், அவள் செய்தது மட்டுமே போதுமாக இருந்திருக்கும். வியாழன் என்றே காட்டியிருக்கும். அவர் வியாழன் வந்திருப்பார். அல்லது அவள் மின்னஞ்சல் வந்த அன்று நான் ஒரு வரி பதில் எழுதியிருந்தால். இல்லை, அது நீங்கள் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

நீங்கள் வேலையைச் செய்யுங்கள்.

இந்தப் பட்டியலை வேறு யார் பார்க்கலாம்? கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டுமா? உமையாள் பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் இதைத் திறக்கவே அஞ்சுகிறாள்.

இதை அழிக்க முடியுமா?

ஒரே சொடுக்கில். அப்படியா.

வேண்டாம், அதில் கை வைக்காதீர்கள். சும்மா கேட்டேன். அன்றாடம் காலையில் எழுந்து, நாயினும் கடையேன், பிழையே செய்தேன், பொறுத்தருள் என்று ஓதுகிறவன் நான். ஐம்பது ஆண்டுகளாக. ஓதும்போது கண்ணீர்கூட வரும். என்ன பிழை என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது தேதியும் நிமிடமுமாக எதிரே எழுதியிருக்கிறது, கண்ணீர் வரவில்லை. அந்த மோரை இப்படிக் கொடுங்கள்.

அவர் என்னை முறை தப்பாதவன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அம்மா. கதவு பூட்டிக் கிடந்தபோதும் என்மேல் குற்றம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன்மேல் போட்டுக்கொண்டார். அவருக்குப் பிறகு அந்தப் பெண் தன்மேல் போட்டுக்கொண்டாள். என்மேல்தான் ஒருவரும் போடவில்லை.

முடிந்துவிட்டதா? ஏழையும் அதனதன் நாளில் வைத்துவிட்டீர்களா? இவ்வளவு விரைவாகவா. நல்லது.

இது என்ன தாள்? பணி அறிக்கை. கையொப்பம் இட வேண்டுமா? ஒரு படி தலைவருக்கு, ஒரு படி தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு. இன்னும் உமையாள் பெயரில்தான் இருக்கிறது. ஆமாம், மாற்றவில்லை. மின்னஞ்சலில் அவளுக்குப் போய்விடும் என்கிறீர்கள்.

கண்ணாடி போடாமல் படிக்க முடியாது, நீங்களே படியுங்கள். பழுது, நிகழ்ச்சித் தேதிகள் ஒருநாள் தள்ளிக் காட்டுதல். சரி. காரணம், தளத்தில் பயனர் செய்த மாற்றம்.

பயனர்.

நீங்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் எழுதுவீர்கள், புரிகிறது. யாரையும் குறிப்பிட்டுக் குற்றம் சொல்லக்கூடாது என்பது உங்கள் நிறுவனத்து மரியாதை. ஆனால் பயனர் என்று போனால் உமையாள் அந்த இடத்தில் தன்னைத்தான் வைத்துப் படிப்பாள். ஓராண்டாக வைத்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என் பெயரை எழுதுங்கள். விதியில் இடமில்லை என்றால் கீழே குறிப்பு என்று போட்டு எழுதுங்கள், நான் சொல்கிறேன்.

மு. திருச்சிற்றம்பலம். ஞாயிறு மாலை, ஏழு தேதிகளை மாற்றியவர். உமையாள் செவ்வாயன்று செய்தது சரியான திருத்தம். அவள் எழுதிய மின்னஞ்சலை இவர் படித்தார், பதில் எழுதவில்லை. ஏகாம்பரத்தைத் தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. இது கணினி வேலையில் சேராதுதான், இருந்தாலும் எழுதுங்கள். செயலாளர் என்று போட வேண்டாம், பெயர் மட்டும்.

நாளை மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவள் இங்கே இருக்க வேண்டுமானால் நாளை இரவு சேலத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்புவாளோ, என் முகத்தில் விழிக்கவே கூடாது என்று இருப்பாளோ, தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் நெய்வேலி போய்ச் சேர்ந்த பிறகு அனுப்ப வேண்டாம். இப்போதே, என் கண் முன்னே அனுப்புங்கள்.

போய்விட்டதா அம்மா?